வலி நின்றுவிட்டது... கல் போய்விட்டதா? சிறுநீர்க் குழாய்க் கல்லும் லேசர் சிகிச்சையும்

விலாவில் ஆரம்பிக்கும் வலி, அடிவயிறு வரை இழுக்கும். உட்கார முடியாது, படுக்க முடியாது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டதும் அடங்கிவிடும். "சரியாப் போச்சு" என்று மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். சிக்கலே இங்குதான்!

கரிசல் காட்டில் ஏன்?

நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கம் பங்குனி வெயிலில் மிளகாய் பறிப்பவர்கள், மதியம் வரை ஒரு செம்பு தண்ணீர் குடித்தாலே அதிகம். வியர்வையில் நீர் போய்விட, சிறுநீர் கெட்டியாகி உப்புகள் படிகமாகின்றன. "எங்க ஊர் உப்புத்தண்ணிதான் காரணம்" என்பார்கள். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதைவிட, எவ்வளவு குடிக்கிறோம் என்பதே முக்கியம். ஏ.சி. அறையில் தாகமே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஐ.டி. ஊழியருக்கும் இதே கதைதான்.

அடைப்பு எப்படி?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை செல்லும் குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ. உள் அகலம் 3 முதல் 4 மி.மீ.தான். 5 மி.மீ.க்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாக வெளியேறும். 10 மி.மீ.யைத் தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு. சிக்கிய கல்லுக்கு மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கும்.

வலி குறைந்தாலும் கல் அங்கேயே இருக்கலாம். வாரக்கணக்கில் அடைப்பு நீடித்தால், சத்தமில்லாமல் அந்தச் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். அதனால் வலி நின்ற பிறகும் ஸ்கேன் அவசியம்.

வாழைத்தண்டு ஜூஸ் போதாதா?

பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் வகை. குடிக்கும் எதுவும் அவற்றைக் கரைக்காது. யூரிக் அமிலக் கற்களை மட்டும் மருந்தால் கரைக்க முயலலாம்.

லேசர் என்ன செய்கிறது?

உடலில் கத்தி படாது. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பைக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். திரையில் கல் தெரிந்ததும், தலைமுடியைவிடச் சற்றே தடித்த இழை வழியாக ஹோல்மியம் லேசர் பாய்ந்து, கல்லைத் துகளாக்குகிறது. பெரிய துண்டுகளைக் குட்டிக் கூடை போன்ற கருவியால் எடுப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

ஸ்டென்ட்... மறந்துடாதீங்க!

வீக்கத்தால் குழாய் மறுபடி அடைபடாமல் இருக்க, உள்ளே 'டி.ஜே. ஸ்டென்ட்' என்ற மெல்லிய குழாய் வைப்பது வழக்கம். அடிக்கடி சிறுநீர் வரும். எரிச்சல், லேசான ரத்தம் இருக்கலாம். பொதுவாகச் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். "ஒண்ணும் தொந்தரவு இல்லையே" என்று விட்டால், அதன் மேலேயே கல் படியும். எடுக்க வேண்டிய தேதியை இன்றே போனில் அலாரம் வையுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

வலியோடு குளிர்காய்ச்சல், சிறுநீரே வராமை, ஒற்றைச் சிறுநீரகம், கர்ப்பம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடைப்போடு கிருமித்தொற்று சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது முதலில் தேங்கிய சிறுநீரை வடிய வைப்பார்கள், லேசர் பிறகுதான்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

திரும்ப வராமல் இருக்க?

தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர், குறைவான உப்பு. பால், மோரை நிறுத்த வேண்டாம். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால், நீங்கள் குடிக்கும் தண்ணீர் போதும் என்று அர்த்தம்.