கம்பத்திலிருந்து கடற்கரைப் பட்டணத்திற்கு
காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வந்து, இரவுப் பேருந்தேறிச் சென்னைக்குப் பிரயாணமாகும் நேயர்கள், முன்போல் கோயம்பேட்டில் இறங்கலாம் என்றெண்ணிக் கண்ணயர்ந்துவிடாமல், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலேயே தென்மாவட்டப் பேருந்துகளின் யாத்திரை முடிவடைகிறது என்பதை நினைவில் கொள்வது உத்தமம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் சேர்ந்தால், 1931 முதல் அத்தடத்தில் ஓடிவரும் மின்சார ரயில், எழும்பூர் வழியாகக் கடற்கரை நிலையம் வரை சொற்பக் கட்டணத்தில் கொண்டுசேர்க்கும். மூட்டை முடிச்சோடு ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதைவிட இது எத்தனையோ சௌகரியம்! ஜாகைக்கு எழும்பூர் கென்னட் லேன் விடுதிகள் பிரசித்தம். ஆயினும், மாலையில் மெரினா மணலில் காலாற உலவ விரும்புவோர்க்கு, பிரம்மசாரிகளின் ஆஸ்தானமான திருவல்லிக்கேணி மேன்ஷன்களே உகந்தவை. அடையாள அட்டை அவசியம். முன்பணம் கொடுக்குமுன் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.