துவக்கு போய்க் கடிதம் வந்தது

யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவர் அஞ்சவேண்டிய துவக்கு அன்று ஒன்றல்ல. 1981 மே 31 இரவு தொடங்கிய பொலிசாரின் வெறியாட்டத்தில் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 'ஈழநாடு' பத்திரிகைப் பணிமனையும் அதில் எரிந்தது. 1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படை 'ஈழமுரசு', 'முரசொலி' அச்சகங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தது.

அந்நியர் மட்டுமா? இராணுவம், இந்தியப் படை, தமிழ் ஆயுத இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் 'முறிந்த பனை'யில் எழுதிய நால்வரில் ஒருவர் மருத்துவர் ராஜனி திராணகம. 1989 செப்ரெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞரும் நாடகத்துறை மாணவியுமான செல்வியை 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். அடுத்த ஆண்டு பன்னாட்டு எழுத்தாளர் அமைப்பான 'பென்' அவருக்கு விருது அறிவித்தது. வாங்க அவர் வரவில்லை; பிறகும் வரவேயில்லை.

நகரம் இராணுவத்தின் கைக்கு மாறியபின்னும் கொலை நிற்கவில்லை. தேர்தல் முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த பி.பி.சி. செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், சொந்த வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். 2006 மே 2 அன்று, உலக ஊடக சுதந்திர நாளுக்கு முதல் நாள், 'உதயன்' பணிமனைக்குள் புகுந்தவர்கள் ஊழியர் இருவரைக் கொன்றனர்.

இன்று இரவில் கதவைத் தட்டும் துவக்கு இல்லை. அந்த மாற்றம் பெரிது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் பயங்கரவாத விசாரணைப் பிரிவின் அழைப்புக் கடிதம் வருகிறது. செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வைப் படமெடுத்துவந்த ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன் 2025 ஓகஸ்டில் அப்படித்தான் அழைக்கப்பட்டார். மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் மறியலில் கிடந்தார். 2023 டிசெம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அடுத்த மாதமே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இணையத்தில் எழுதப்படுவதில் எது பொய் என்று தீர்மானிக்க அது ஓர் ஆணைக்குழுவை வைக்கிறது.

ரஷ்யாவும் இதே வழியில் வெகுதூரம் போய்விட்டது. 2006இல் அங்கே செய்தியாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயாவைச் சுட்டார்கள். 2024இல் ஜென்யா பெர்கோவிச், ஸ்வெத்லானா பெத்ரிச்சுக் என்ற இரு பெண்களுக்கு, ஒரு நாடகத்துக்காக நீதிமன்றமே ஆறாண்டுச் சிறை விதித்தது. சட்டத்தின் பெயரால் வாயடைப்பது அரசுக்கு இலகு, கொலைப்பழி இல்லை.

எங்கள் பங்கையும் சொல்லவேண்டும். இயக்கங்களின் உட்கொலைகளைப் பேசிய ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' ஆவணப்படம், எதிர்ப்புக் கிளம்பியதால் 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து விலக்கப்பட்டது. அதை அரசு தடுக்கவில்லை, நாங்கள் தடுத்தோம். படம் பிழை என்றால் பார்த்துவிட்டுப் பிழை என்று எழுதியிருக்கலாம்.

நிமலராஜன் கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த நீதியைக் கேட்கும் அதே வாயால் செல்விக்கும் நீதி கேட்கவேண்டும். ஒருவரை மட்டும் நினைவுகூர்கிறவர் கேட்பது கருத்துச் சுதந்திரம் அல்ல, தன் கட்சிக்கான சுதந்திரம்.