பேராதனையில் ஒரு முழுப் பகல்

கண்டிக்கு வரும் பயணிகளில் பெரும்பாலானவர்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் தலதா மாளிகை. பின்னவலையில் யானைகள் ஆற்றில் இறங்கும் நேரத்துக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். நடுவில் பூங்கா வாசலில் இறங்கி, ஆர்க்கிட் கூடத்தில் நாலு படம், ராஜபனை வரிசையில் நாலு படம் எடுத்துக்கொண்டால் வண்டி கிளம்பிவிடும். இந்த இடத்துக்கு அது போதாது. காலை தொடங்கி மாலை வரை ஒரு பகல் முழுதும் வேண்டும். நமக்கென்றே வருகிற, விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவரும் வேண்டும். தமிழர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன். ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து லட்சக்கணக்கான மக்களைக் கடல் கடந்து மலையேற வைத்த பயிர்களின் கதையில் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தக் கதையை மரங்கள் தாமாகச் சொல்லிவிடாது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இலங்கையில் வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் வழங்குகிறது. வண்டியும் ஓட்டி விளக்கமும் சொல்பவரை ‘சோஃபர் கைட்’ என்கிறார்கள். அநேகமாக எல்லாரும் நல்லவர்கள், நாட்டு வரலாறு தெரிந்தவர்கள். ஆனால், செடிகொடி தெரிந்தவர்கள் அவர்களில் சிலர்தான். அதனால் வண்டி பேசும்போதே, “பூங்காவுக்குள் நாள் முழுக்கக் கூட நடப்பீர்களா, மரங்களைப் பற்றிச் சொல்லத் தெரியுமா, தமிழில் பேசுவீர்களா?” என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கண்டிச் சாலைகளில் ‘வாசனைத் தோட்டம்’ என்ற பெயரில் நிறையக் கடைகள் இருக்கின்றன. அங்கே எண்ணெயும் தைலமும் வாங்க வைத்தால் அழைத்துப் போனவருக்குக் கமிஷன் கிடைக்கும். “கடை எதுவும் வேண்டாம், பூங்கா மட்டும் போதும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நாளும் மிச்சம், மனஸ்தாபமும் இல்லை.

எங்களுக்கு வாய்த்தவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தாயார் கொழுந்து பறித்தவர். “சேர், முதல்ல வாசனை மரங்க பக்கம் போவோம். வெயில் ஏறுனா மூக்குக்கு ஒண்ணும் தெரியாது” என்று எங்களை வலப்பக்கம் திருப்பினார். அந்த ஒரு வாக்கியத்திலேயே இவரோடு நாள் நன்றாகப் போகும் என்று தெரிந்துவிட்டது.

கீழே உதிர்ந்து கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கசக்கி நீட்டினார். கறுவா, கராம்பு, சர்வசுகந்தி. மரத்தடியில் வெடித்துக் கிடந்த ஒரு ஜாதிக்காயைப் பிரித்துக் காட்டினார். மஞ்சள் தோலுக்குள் கொட்டையை வலைபோல் சுற்றியிருந்த ஜாதிபத்திரி, நம் மளிகைக் கடையில் காய்ந்து பழுப்பாகக் கிடப்பது, அங்கே ரத்தச் சிவப்பில் ஈரமாக இருந்தது. இவற்றில் கறுவா மட்டும்தான் இந்தத் தீவின் சொந்தப் பிள்ளை. ஜாதிக்காயும் கராம்பும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்தவை. சர்வசுகந்தி மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம். ஐரோப்பியர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு பிடித்த சரக்குகள் இப்படி ஒரே நிழலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதே காலனி ஆட்சியின் கைவேலைதான்.

மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கர் நிலம். கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் இது அரச தோட்டம். 1815-இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கு முன்பே அவர்கள் கொழும்பில், கொம்பனித்தெருவில், ஒரு தாவரத் தோட்டம் போட்டு அதற்கு லண்டன் கியூ தோட்டத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இன்றும் கியூ வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கிருந்து களுத்துறைக்கு மாறி, 1821-இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் தோட்டம் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. மூன் 1824-இல் இலங்கைத் தாவரங்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

ஆற்றோரம் வந்ததும் வழிகாட்டி நின்று எதிர்க்கரையைக் காட்டினார். “அங்கிட்டு இருக்கிறது கன்னொறுவ. வெள்ளக்காரன் கோப்பி போட்ட இடம்.” ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820-களில் தன் சொந்தக் காபித் தோட்டத்தை அங்கேதான் வைத்திருந்தார். ஆளுநரே தோட்ட முதலாளி என்றால் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்க வேண்டியதில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மலைநாட்டுக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு, காபி இரண்டரை லட்சம் ஏக்கரையும் தாண்டிப் பரவியது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் தமிழகத்திலிருந்து ஆட்கள் போனார்கள். ராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணிக்குப் பின்னால் நடந்தே மலைக்கு வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் பாதையிலேயே செத்தவர்கள் ஏராளம்.

ஆனால் அன்று போனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்குவதற்காகப் போகவில்லை. காபி, பருவப் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் கூட்டமாக ஆள் வேண்டும். அது முடிந்ததும் கையில் கிடைத்ததை முடிந்துகொண்டு ஊருக்குத் திரும்பி நெல் வேலையைப் பார்க்கலாம். அப்படிப் போய்வந்தவர்களின் வாழ்க்கையை மாற்றியது ஒரு பூஞ்சை.

1869-இல் காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் தூள் படிந்தது. அப்போது பேராதனையின் இயக்குநராக இருந்தவர் த்வெய்ட்ஸ். அவர் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் பரிசோதித்து, இது புதிய பூஞ்சை என்று கண்டு, ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். தோட்டத் துரைமார் முதலில் பொருட்படுத்தவில்லை. பத்து ஆண்டுகளில் விளைச்சல் சரிந்து, 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். காற்றில் பறக்கும் நுண்வித்துகளால் இது பரவுகிறது, மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதால்தான் தடுக்க எதுவுமில்லாமல் போயிற்று என்று அவர் கண்டு சொன்னார். துரைமாருக்கு வேண்டியிருந்தது மருந்து. அது அவரிடம் இல்லை. இலங்கைக் காபி அத்தோடு போயிற்று.

மாற்றுப் பயிர் இந்தத் தோட்டத்தில் தயாராக இருந்தது. 1824-இலேயே சீனத் தேயிலைச் செடி பேராதனைக்கு வந்திருந்தது. 1839-இல் கல்கத்தா தாவரத் தோட்டத்திலிருந்து அஸ்ஸாம் தேயிலை விதைகள் வந்தன. இங்கிருந்து விதை பெற்றுத்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். காபி விழுந்ததும் எல்லாரும் அவர் வழிக்கு வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது.

தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது கொழுந்து எடுத்தாக வேண்டும், அதுவும் ஆண்டு முழுதும். ஆண்கள் மட்டும் வந்து போனால் நடக்காது. பெண்கள் வேண்டும், குடும்பம் குடும்பமாக வேண்டும். லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறைகளில் அடுப்பு மூட்டினார்கள். விடியும்முன், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு ஒலித்தது. பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். ஊர் திரும்புவது என்ற பேச்சே மெல்லக் காணாமல் போயிற்று. 1948-இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதும், 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியதும், அப்படி வந்தவர்களுக்காக நீலகிரியில் தமிழக அரசு தேயிலை நட்டதும் எல்லாம் இதன் தொடர்ச்சி. அரசியல் நூல்களில் இதைப் படித்திருக்கிறேன். ஒரு இலையின் அடியில் படிந்த தூளிலிருந்து எடுத்துச் சொல்லி அன்றுதான் கேட்டேன். எங்கள் வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. “எங்க பாட்டன் பூட்டனெல்லாம் கோப்பிக்கு வந்தவங்க சேர். தேயிலைதான் எங்கள இங்கயே இருக்கவச்சது” என்றார்.

ரப்பரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கியூவுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த சுமார் 1,900 நாற்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. பேராதனையின் குளிர்ச்சி அவற்றுக்கு ஒத்துவராது என்பதால் கம்பஹா அருகே ஹெனரத்கொடையில் தனித் தோட்டம் அமைத்து அங்கே வளர்த்தார்கள். ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்குத் தாய்மரங்கள் அவைதான்.

மதியத்துக்கு முன் பனை வரிசைகளைப் பார்த்துவிடுவது நல்லது. கியூபா ராஜபனைச் சாலையில்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். நம் சொந்தப் பனைமரமும் இங்கே ஒரு சாலை முழுக்க நிற்கிறது. அங்கே கூட்டமே இல்லை. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் வெயில் காயும் வெளியில் பார்த்துப் பழகிய மரத்தை, மழை நனைத்த பச்சைப் புல்லில் வரிசை பிடித்துப் பார்ப்பது விநோதமான சந்தோஷம்.

அங்கிருந்து இரட்டைத் தேங்காய் மரங்களுக்குப் போனோம். சீஷெல்ஸ் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. உலகிலேயே பெரிய விதை இதனுடையது. ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டு ஆகும், விதை 25 கிலோ வரை தேறும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தாளிப்பனையின் கணக்கு அதைவிடப் பெரிது. முப்பது, நாற்பது, சில சமயம் எண்பது ஆண்டுகூட வளர்ந்து, ஒரே ஒரு தடவை உச்சியில் பூக்கும். தாவர உலகின் மிகப் பெரிய பூங்கொத்து அது. காய் உதிர்ந்ததும் மரம் பட்டுப்போகும். இதன் ஓலையில்தான் சிங்களவர்கள் சுவடி எழுதினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் கண்டி அரசில் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ், போர்வீரர்கள் இந்த ஓலையையே கூடாரமாக்கிக்கொண்டதைத் தன் நூலில் பதிந்திருக்கிறார்.

பெரியவர்கள் நட்ட மரங்கள் ஒரு பக்கம் இருக்கின்றன. விண்வெளி வீரர் யூரி ககாரின் 1961-இல் நட்டது உண்டு. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் தன் மனைவியோடு 1901-இல் நட்டது ஒரு நாகலிங்க மரம். நம் சிவன் கோவில்களில் நாகமும் லிங்கமுமாகக் கும்பிடுகிற இந்தப் பூவின் பிறப்பிடம் தென்னமெரிக்கா என்று வழிகாட்டி சொன்னபோது, பக்கத்தில் நின்ற திருச்சிக் குடும்பம் ஒன்று நம்ப மறுத்தது. அவர் சொன்னது உண்மைதான். வந்த மரத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு அதற்குள் தெய்வத்தையும் கண்டுகொண்ட நம் முன்னோர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. இந்தப் பூங்காவுக்குப் போர்க்காலமும் உண்டு. 1944-இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார். பர்மாவில் நடந்த சண்டைக்கான திட்டங்கள் இந்த மர நிழலில்தான் தீட்டப்பட்டன.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது உத்தமம். பெரிய புல்வெளியில் கிளை விரித்திருக்கும் ஜாவா அத்தியின் கீழே ஒரு ஊரே உட்காரலாம். குரங்குகள் உண்டு, பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் ஆற்றோரம் போனால் பர்மிய ராட்சத மூங்கில்களைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் நாளுக்கு ஒரு அடி வளர்வதுண்டு. உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. அவற்றின் கூச்சலும் வாடையும் எல்லாருக்கும் பிடிக்காது. பழக்காடுகள் பரவுவது இவற்றால்தான் என்பதால் நான் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றேன்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது. மழை குறைவு, பர்மாவிலிருந்து வந்த அம்ஹெர்ஸ்டியா மரம் சரம் சரமாகச் சிவந்து பூப்பதும் அப்போதுதான். மற்ற மாதங்களில் பிற்பகல் மழைக்குக் குடை அவசியம். கண்டியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், பஸ் வாசலிலேயே நிற்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. காலையில் திறந்தவுடன் நுழைந்துவிடுங்கள். ஒன்பது மணிக்குமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் வந்துவிடும்.

வழிகாட்டியோடு நாள் பேசும்போது இன்னும் ஒரு இடத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பேராதனையிலிருந்து தெற்கே கம்பளை. அதன் பக்கத்தில் பரதேக்க என்ற இடத்தில், பழைய பீக்கொக் தோட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007-இலிருந்து இயங்குகிறது. பழைய லயம் ஒன்றிலேயே அதை அமைத்திருக்கிறார்கள். பேராதனையில் செடிகளின் வரலாறு கிடைக்கிறது. அந்தச் செடிகளை நட்டுப் பறித்தவர்களின் பாத்திரம் பண்டம், கருவிகள், ஆவணங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பூங்காவை மூன்று மணிக்குள் முடித்துக்கொண்டால் போய்ப் பார்க்க நேரம் இருக்கும். திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. மலைப்பாதை, மழை பெய்தால் வண்டி மெதுவாகத்தான் போகும்.