நீல நாடாப் பியரின் கதை

மலிவான பொருளுக்கும் மனிதன் ஏக்கம் கொள்வதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் "பப்ஸ்ற் புளூ றிபன்" என்னும் பியர் பெற்றிருக்கும் இடம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அங்காடியிலே விலை குறைந்த தட்டில் அடுக்கப்படும் பானம் அது. சுவை நுணுக்கம் பேசுவோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் பாட்டிலும், வானொலியிலும், திரைப்படத்திலும் அப்பெயர் மீண்டும் மீண்டும் ஒலித்து வந்துள்ளது. விலையுயர்ந்த மதுவகைகள் பலவற்றுக்குக் கிட்டாத இப்பேறு இதற்கு எவ்வாறு கிட்டியது?

மிச்சிக்கன் ஏரிக்கரையிலுள்ள மில்வாக்கி நகரிலே 1844 ஆம் ஆண்டு ஜேக்கப் பெஸ்ற் என்னும் ஜேர்மானியக் குடியேறி தம் மைந்தருடன் ஒரு வடிசாலையைத் தொடங்கினார். ஜேர்மானியர் கொண்டுவந்த "லாகர்" முறை குளிரை வேண்டுவது. நொதி கலத்தின் அடியிலே தங்கி, தாழ்ந்த வெப்பநிலையில் மெல்லத் தொழிற்படும். பின்னர் பானம் பல வாரங்கள் குளிர்ந்த நிலவறையிற் கிடந்து தெளியவேண்டும். குளிர்காலத்திலே வெட்டியெடுத்த பனிக்கட்டியே அக்காலத்துக் குளிர்சாதனம். ஏரியும் ஆறும் உறையும் மில்வாக்கியில் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க வாற்கோதுமையில் புரதம் மிகுதியாதலின், பானம் கலங்காதிருக்கும் பொருட்டுச் சோளத்தையோ அரிசியையோ உடன் சேர்க்கும் வழக்கமும் தோன்றிற்று. மெல்லிய சுவையும் வெளிறிய பொன்னிறமும் கொண்ட அமெரிக்க லாகர் இவ்வாறு பிறந்ததே.

ஜேக்கப் பெஸ்ற்றின் மகன் பிலிப்பின் மகளை 1862 இல் மணந்தவர் பிரெட்ரிக் பப்ஸ்ற். இவர் ஏரியிலே நீராவிக் கப்பலோட்டிய கப்டன். மாமனாரின் தொழிலிற் புகுந்த மருமகன் அதனைப் பன்மடங்கு பெருக்கினார். 1889 இல் கொம்பனியும் அவர் பெயரையே சூடிக்கொண்டது. 1882 முதல் தெரிந்தெடுத்த போத்தல்களின் கழுத்திலே நீலப் பட்டு நாடா கையாற் கட்டப்பட்டது. விரைவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் அடி நாடா தேவைப்பட்டது. மதுக்கடைக்கு வந்தோர் நீண்ட பெயரை மறந்து, "நீல நாடாவைக் கொடு" என்று கேட்கலாயினர். பெயர் சூட்டியவர் முதலாளியல்லர், குடித்தவரே.

1893 ஆம் ஆண்டின் சிக்காக்கோ உலகப் பொருட்காட்சியில் இப்பியர் முதற் பரிசு பெற்றது என்பது பேணியிலே அச்சிடப்பட்டுள்ள பெருமை. உண்மையில் அப்பொருட்காட்சியில் நீல நாடா எவருக்கும் வழங்கப்படவில்லை. உரிய தரத்தை எட்டியோர்க்கெல்லாம் வெண்கலப் பதக்கமே அளிக்கப்பட்டது. எனினும் புள்ளிக் கணக்கை வைத்து பப்ஸ்ற்றும் சென் லூயி நகரத்து அன்ஹோய்சர் - புஷ் கொம்பனியும் மாதக்கணக்காகச் சண்டையிட்டன. பரிசின் வரலாறு இத்துணை மங்கலாயிருக்க, நாடா மட்டும் பளிச்சென்று நிலைத்துவிட்டது!

1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு. அக்காலத்தில் இக்கொம்பனி பாற்கட்டி செய்து விற்று உயிர் தாங்கியது. விலக்கு நீங்கியபின், 1935 இல் தகரப் பேணியிலே பியரை அடைத்தது. பேணியை மக்கள் ஏற்பரோ என்ற ஐயத்தினால் முதலில் புளூ றிபனை அடைக்காது, வேறொரு வகையை அடைத்துப் பார்த்தார்களாம். வணிகரின் முன்னெச்சரிக்கை அத்தகையது.

வானொலி நேயர்களுக்குச் சுவைதரும் செய்தி ஒன்றுண்டு. 1943 இல் இக்கொம்பனியின் ஆதரவில் "புளூ றிபன் ரவுண்" என்னும் நிகழ்ச்சி ஒலிபரப்பாகியது. அதை நடத்தியவர் நகைச்சுவை மன்னர் குறூச்சோ மாக்ஸ். பின்னர் டனி கேய், எடி கன்ரர் முதலியோரும் இக்கொம்பனிக்காக ஒலிவாங்கியின் முன் நின்றனர். 1948 முதல் குத்துச்சண்டைப் போட்டிகளும் அதன் பெயரில் தொலைக்காட்சியிலே காட்டப்பட்டன. தொழிற்சாலையால் வந்து களைத்துச் சாய்ந்திருக்கும் உழைப்பாளியின் இல்லத்தில் அப்பெயர் இவ்வாறு குடிகொண்டது.

1973 இல் ஜோனி றசல் பாடிய கிராமியப் பாணிப் பாடலொன்று இப்பியரைத் தன் தலைப்பிலேயே தாங்கியது. வெயிலிற் சிவந்த கழுத்து, வெள்ளைக் காலுறை, நீல நாடா: நாட்டுக் கொடியின் மூன்று நிறங்களும் ஏழைத் தொழிலாளியின் அடையாளங்களாயின. டேவிட் லிஞ்ச்சின் "புளூ வெல்வெற்" 1986 இல் வந்தது. அதிலே கொடியவன் பிராங்க் பூத், வெளிநாட்டு ஹைனிக்கனே தனக்கு உவப்பானது என்று கூறும் இளைஞன்மீது சீறி, புளூ றிபனின் பெயரை முழங்குகிறான். டெனிஸ் ஹொப்பர் அதைக் கூறிய வேகத்தில், காசு கொடுத்த விளம்பரம் எதுவும் செய்யாததை அந்த ஒரு கூச்சல் செய்தது. வெறியன் ஒருவனின் வாயிலிருந்து வந்த புகழ் என்பதை இரசிகர் பொருட்படுத்தவில்லை.

2008 இல் வெளிவந்த "கிரான் ரொறினோ" இதனின் வேறானது. கிளின்ற் ஈஸ்வூட் நடித்த வோல்ற் கொவால்ஸ்கி, ஃபோர்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த முதியவர். கொரியப் போரிலே நின்றவர். மனைவியை இழந்து, மாறிப்போன தெருவை வெறுப்போடு நோக்கி, வீட்டு முகப்பில் இருந்து பேணி பேணியாக இப்பியரைக் குடிக்கிறார். தம் பிறந்தநாளன்று, தனியே குடிப்பதிலும் அயலாருடன் குடிப்பது நன்று என்று, தாம் வெறுத்த மொங் இனத்தவர் வீட்டுப் படியேறுகிறார். அவர் கையில் வேறு பானத்தை வைத்துப் பார்க்க இயலாது.

ஆனால் திரையில் முதியவர் குடித்த காலத்தில், அப்பியரை வடித்த தொழிலாளர் எங்கே இருந்தனர்? 1977 ஐ அண்டி ஆண்டுக்கு ஒரு கோடியே எண்பது இலட்சம் பீப்பாய் விற்ற கொம்பனி, பின்னர் சரியத் தொடங்கியது. 1985 இல் போல் கல்மனோவிற்ஸ் என்பவர் அதனை வாங்கி, விளம்பரச் செலவையும் ஏனைச் செலவையும் ஒருங்கே வெட்டினார். 1996 இல் மில்வாக்கி வடிசாலை மூடப்பட்டது. ஓய்வுபெற்ற தொழிலாளரின் மருத்துவ உதவியும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. நகரத்து மதுக்கடைகள் சில அப்பியரை விற்க மறுத்தன. ஊரின் சொந்தப் பானத்தை ஊரே விலக்கிய அந்நாட்கள் ஏக்கக் கதைகளில் அருகியே இடம்பெறுகின்றன.

2001 இல் நீல நாடாவின் விற்பனை பத்து இலட்சம் பீப்பாய்க்கும் கீழே இறங்கியது. அதன்பின் எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வாழ்வு வந்தது. ஓறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரிலே துவிச்சக்கரவண்டியிற் கடிதம் கொண்டோடும் இளைஞரும், வறிய இசைக்குழுவினரும் இதனை விரும்பி வாங்கினர். மலிவு ஒரு காரணம். தொலைக்காட்சியிலே தங்களை நோக்கிக் கூவாத பியர் இது என்பது மற்றொரு காரணம். பணமில்லாமையால் நின்றுபோன விளம்பரம், அடக்கமெனப் போற்றப்பட்டது! கொம்பனியும் இதனை உணர்ந்து, ஆரவாரம் செய்யாது, சிறு போட்டிகளுக்கும் கூட்டங்களுக்கும் கைகொடுத்தது. 2010 இல் சீனாவிலோ, இதே பெயரில் வேறு முறையில் வடித்த பியர், போத்தலொன்று 44 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. ஏழையின் பானம் அங்கே செல்வரின் மேசைக்கு ஏறிற்று.

இதற்குள் கொம்பனிக்குச் சொந்தமான பெருவடிசாலை எதுவும் இல்லாமற் போயிற்று. பழம் போட்டியாளராகிய மில்லரின் தொட்டிகளிலேயே நீல நாடா நெடுங்காலம் வடிக்கப்பட்டது. அவ்வொப்பந்தம் பற்றிய வழக்கு 2018 இல் மில்வாக்கி நீதிமன்றத்துக்கு வந்து, யூரிமார் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே சமரசத்தில் முடிந்தது. 2017 இல் பழைய வளாகத்திலே திறந்த சிறு வடிசாலையும் 2020 இல் மூடப்பட்டது. வடிசாலைக் கட்டடமொன்று 2013 இல் தங்குவிடுதியாயிற்று; அதன் கூடத்திலே, பியர் காய்ச்சிய பெரிய செப்புக் கலங்கள் துலக்கி வைக்கப்பட்டுள்ளன.