இரும்பு விலைக்குப் போகும் பழைய சைக்கிள்கள்

போடிநாயக்கனூரின் பழைய வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலும் மாட்டுத் தொழுவத்திலும் சாத்திக் கிடக்கும் தாத்தா காலத்து சைக்கிளை யாரும் சொத்தாக நினைப்பதில்லை. வீட்டை இடிக்கும்போது செங்கலோடும் ஓட்டோடும் அதுவும் வெளியே வரும். பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் வைத்து, கிலோ கணக்கில் காசு கொடுத்து எடுத்துப்போவார். அதே சைக்கிள் சில கை மாறி, பழைய வண்டி சேகரிப்பவரிடம் போகும்போது அதன் விலையே வேறு. ராலே, ஹம்பர், ரட்ஜ் போன்ற இங்கிலாந்து வண்டிகளைத் தேடி அலைகிறவர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களால்தான் இந்த வண்டிகள் உருக்காலைக்குப் போகாமல் பிழைக்கின்றன. விற்பவருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாததுதான் சங்கடம்.

இதில் சட்டம் விற்பவருக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வாங்குபவர் பொருளின் அருமை தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது. ‘இது லூதியானா டூப்ளிகேட், இங்கிலாந்து வண்டி இல்லை’ என்று தெரிந்தே பொய் சொல்லி வாங்கியிருந்தால் கதை வேறு. அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அவர் அப்படிச் சொன்னார் என்பதை நிரூபிக்கும் பாரம் விற்றவர் தலையில்தான் விழும். ஆகவே வண்டியை வெளியே தள்ளுவதற்கு முன்பே அதை அடையாளம் பார்த்துவிடுவது நல்லது.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கக் குழாயில் பித்தளையிலோ தகரத்திலோ ஒரு பட்டை இருக்கும். கொக்குத் தலை இருந்தால் ராலே. பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்திலும் அதே கொக்கு இருக்கக்கூடும். நிறுத்திச் சாத்திய மூன்று துப்பாக்கிகள் பி.எஸ்.ஏ.வின் அடையாளம், பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனி அது. விரித்த கை ரட்ஜ். பல்சக்கரத்துக்குள் ஐந்து மனித உருவங்கள் ஓடினால் ஹம்பர்; அதன் முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய்கள் இருப்பதும் உண்டு.

பின்சக்கர ஹப்பில் ‘ஸ்டர்மி ஆர்ச்சர்’ என்று பொறித்திருந்தால் அது பெரும்பாலும் உள்ளேயே கியர் வைத்த மூன்று வேக ஹப். பக்கத்தில் 54 6 என்பது போல் எண்கள் தென்பட்டால், அந்த ஹப் 1954 ஜூனில் செய்தது. ஆனால் அது ஹப்பின் வயது மட்டுமே. நம் ஊர் சைக்கிள் கடைகளில் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது அன்றாட வேலை, எனவே வண்டியின் வயதை அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஏமாற்று அதிகம் நடப்பது வண்டி செய்தது இங்கிலாந்திலா இந்தியாவிலா என்பதில். 1950களின் தொடக்கத்திலிருந்து வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை ராலே வண்டிகளைச் செய்தது. சென்னையில் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்தது. ஆசன்சோல் ராலேயை இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த ராலே என்று சொல்லி விற்பார்கள். பட்டையின் எழுத்தையும் ஃபிரேம் எண்ணையும் பாகங்களில் உள்ள ‘மேட் இன்’ பொறிப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். என்னைக் கேட்டால், ஆசன்சோல் வண்டியும் அம்பத்தூர் வண்டியும் நம் தொழில் வரலாறு. அவற்றைப் பொய்ப்பெயரில் விற்பதில் எந்தக் கௌரவமும் இல்லை. 90களில் பையன்கள் ஏங்கிய ஹீரோ ரேஞ்சர் போன்ற தடித்த டயர் வண்டிகளையும் சேகரிப்பாளர்கள் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவற்றையும் காயலான் கடைக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம்.

அந்தத் தடித்த டயர் வண்டிகளின் மூதாதை அமெரிக்காவின் 1930களின் ‘குரூசர்’ சைக்கிள்கள். 1976இல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அருகே ஒரு மலைச்சரிவில் சில இளைஞர்கள் அந்த வண்டிகளில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவற்றில். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. மலை சைக்கிள் பிறந்தது அங்கேதான். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய வண்டியை இறக்க ஆசைப்படுகிறவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். கம்பி பிரேக் வைத்த பழைய வண்டியில் கட்டை, குரோம் பூசிய ரிம்மைத்தான் உரசும். மழையிலும் மேகமூட்டத்திலும் ரிம் நனைந்தால் பிடிப்பு பாதிக்கு மேல் போய்விடும். பெடல் கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்திருந்தால் இறக்கத்தில் மிதி நழுவும். ஓவராயில் செய்து, பிரேக் கட்டை மாற்றி, சமதரையில் நன்றாக ஓட்டிப் பார்க்காத வண்டியில் அந்தச் சாலையில் இறங்காதீர்கள். குரங்கணிப் பக்கம் காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் தீயில் சிக்கி மாண்டவர்களை இந்த ஊர் மறக்கவில்லை.

புதுப்பிக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு, அலங்கார பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த பெயிண்டைச் சுரண்டினால் தூசு நுரையீரலுக்கும் சோற்றுக்கும் போகும். தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இப்போது திருட்டு. இதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, திருடியவர் முதல்முறை குற்றவாளியாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், சமூக சேவைதான் தண்டனை. அந்த மதிப்புக்குக் கீழான திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை நடத்த முடியாத குற்றமாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ‘பழைய சைக்கிள்தானே, ஆயிரம் ரூபாய் போடுங்கள்’ என்று புகாரில் எழுதிவிட்டால், புகார் பெற்றதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் நின்றுபோகலாம். எனவே வண்டி கையில் இருக்கும்போதே ஃபிரேம் எண், பட்டை, ஹப் பொறிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். விவரம் தெரிந்த சைக்கிள் கடைக்காரரிடமோ சேகரிப்பாளரிடமோ தேதி போட்டு மதிப்பு எழுதி வாங்குங்கள். முன்பு உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு கொடுத்த தகரப் பில்லை வீட்டில் கிடந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். வண்டி இந்தக் குடும்பத்துடையது என்பதற்கு அது நல்ல சான்று.

வீட்டுக்குள்ளிருந்தோ சரக்கு வைக்கும் கிடங்கிலிருந்தோ திருடு போனால் அது 305ஆம் பிரிவில் வரும். அங்கே இந்த 5,000 ரூபாய் கணக்கு கிடையாது; ஏழு ஆண்டு வரை தண்டனை. புகாரில் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வண்டி மலையேறி கேரளத்தின் இடுக்கிப் பக்கம் போய்விட்டது என்று தெரிந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்; எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வண்டி பிடிபட்ட பிறகு ஸ்டேஷன் வாசலில் மழையில் துருவேற விடாதீர்கள். வழக்கு முடியும் முன்பே அதைத் தன் பொறுப்பில் தரச் சொல்லி உரியவர் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். திருட்டு வண்டி என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் 317ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. எண் அரம் போட்டு அழிக்கப்பட்டிருப்பதும், பாதி ராத்திரியில் பாதி விலைக்குக் கிடைப்பதும் அப்படிப்பட்ட காரணங்களே. நல்லெண்ணத்தோடு வாங்கியவர் சிறைக்குப் போகமாட்டார். ஆனால் வண்டி அவருடையதாகவும் ஆகாது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930 அப்படித்தான் சொல்கிறது. விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. அதற்கு, விற்றவரின் பெயர், முகவரி, ஃபிரேம் எண், விலை, கையெழுத்து எல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும்.

தொழிலாகவே விற்கும் கடைக்காரர் பொய்யான விவரம் சொல்லி விற்றாலோ ரசீது தர மறுத்தாலோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி அது நேர்மையற்ற வணிகம். வாங்கிய ஊர் எதுவானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915ஐ அழைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு தனிநபரோ தன் சொந்த வண்டியை விற்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. இலவச சட்ட உதவிக்கு 15100ஐ அழைக்கலாம். இணையத்தில் படம் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர் மீது 1930 என்ற எண்ணை அழைத்து உடனே புகார் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்பவர் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை.