சாப்பாடு வரத் தாமதமானால் அது பாகுபாடா?

1993 ஏப்ரல் 1. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அனாபொலிஸ் நகரம். அங்கிருக்கும் கடற்படைக் கல்விக்கழகத்துக்கு அதிபர் பில் கிளிண்டன் வருவதாக இருந்தது. பாதுகாப்புப் பணிக்குப் போன சீக்ரெட் சர்வீஸ் சீருடைப் பிரிவினர் 21 பேர், காலை உணவுக்காக ‘டென்னீஸ்’ உணவகத்துக்குள் நுழைந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே வேலை, ஒரே பசி. கறுப்பினத்தவர் ஆறு பேர் ஒரு மேஜையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

மற்ற மேஜைகளில் இருந்த வெள்ளையினச் சகாக்களுக்குத் தட்டுகள் வந்தன. அவர்கள் இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். இந்த ஆறு பேரின் மேஜைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், பலனில்லை. மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் போனில் இருக்கிறார் என்று பதில் வந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்து, கிளம்பவேண்டிய நேரமும் வந்துவிட்டது. நாட்டின் அதிபரைக் காக்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு எழுந்து போனார்கள்.

வழக்கு தொடர்ந்தபோது நிறுவனத் தரப்பு சொன்ன சமாதானத்தைக் கவனிக்க வேண்டும். சமையலறையில் நெருக்கடி, ஆர்டர் சிக்கலானது, இது சேவையில் நேர்ந்த குறைதானே தவிர நிறப் பாகுபாடு இல்லை என்றார்கள். யாரும் “உங்களுக்குச் சாப்பாடு கிடையாது” என்று சொல்லவில்லை. வாசலில் தடுக்கவில்லை, முகம் சுளித்து வெளியே போகச் சொல்லவும் இல்லை. சாப்பாடு வரவில்லை, அவ்வளவுதான். நம் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும், படம் பிடிக்கலாம். இங்கே குவளை ஒன்றுதான். அது வந்து சேரும் நேரம்தான் வேறு. கடிகாரத்தை எப்படிச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது?

அன்றாட இனப் பாகுபாட்டின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மோசமான சேவை எல்லோருக்கும் எப்போதாவது வாய்ப்பதுதான். அந்தப் பொதுவான அனுபவத்துக்குப் பின்னால் பாகுபாடு வசதியாக ஒளிந்துகொள்கிறது. பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால், “எனக்கும் ஒருமுறை அப்படி ஆச்சே, இதில் நிறம் எங்கே வந்தது?” என்று பக்கத்தில் இருப்பவரே கேட்பார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. தனக்கு ஒருமுறை நடந்தது மற்றவருக்கு மாதந்தோறும் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

டென்னீஸ் விஷயத்தில் அந்த எண்ணிக்கை வெளியே வந்தது. 1991 டிசம்பர் கடைசியில், கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே நகரத்துக் கிளையில், கறுப்பின மாணவர்கள் 18 பேரிடம் உள்ளே உட்கார ஆளுக்கு 2 டாலர் கட்டணமும், சாப்பாட்டுக்கு முன்பணமும் கேட்டிருந்தார்கள். அதே நேரம் அங்கே இருந்த வெள்ளை மாணவர்களிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. அந்த வழக்கைத் தொடர்ந்து புகார்கள் குவிந்தன. 1994 மே மாதம் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. வழக்கறிஞர் கட்டணம் உட்பட ஏறத்தாழ 5.4 கோடி டாலர். ஏறக்குறைய 3 லட்சம் பேருக்குக் காசோலை போயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ‘கொஞ்சம் தாமதம்’தான்.

சட்டப் புத்தகத்தில் விட்டுப்போன கடை

அமெரிக்காவில் இதற்கு முக்கியமாக இரண்டு கூட்டாட்சிச் சட்டங்கள் உள்ளன. உள்நாட்டுப் போர் முடிந்த சூட்டில் வந்த 1866ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் செய்துகொள்வதில் வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. கடையில் பொருள் வாங்குவதும் ஓர் ஒப்பந்தம் என்பதால் அது இங்கே பொருந்தும். இரண்டாவது, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம். ஓட்டல், உணவகம், பெட்ரோல் நிலையம், திரையரங்கு போன்ற இடங்களில் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் சாதாரணச் சில்லறைக் கடை இல்லை. துணிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் எதுவும் இல்லை.

இது எப்படி விட்டுப்போனது? அன்றைய போராட்டங்களைப் பார்த்தால் புரியும். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்து உல்வொர்த் கடைக்குள் நான்கு கறுப்பின மாணவர்கள் போனார்கள். ஒரு கவுண்டரில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். கடை காசை வாங்கிக்கொண்டது. அடுத்து அதே கடையின் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள், கிடையாது என்றார்கள். கறுப்பினத்தவரின் காசைக் கடை மறுத்ததில்லை; கூட உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் மறுத்தது. எனவே போராட்டமும் அதை ஒட்டி எழுந்த சட்டமும் சாப்பாட்டு மேஜையையும் ஓட்டல் கட்டிலையும் குறிவைத்தன. தென் மாநிலத்துத் துணிக்கடைகள் பலவற்றில் கறுப்பினப் பெண்கள் தொப்பியைப் போட்டுப் பார்க்கக்கூட அனுமதிக்கப்படவில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலும்.

ஆகவே கடையில் அவமானப்பட்டவர் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் கூட்டாட்சி நீதிமன்றம் போகவேண்டியிருக்கிறது. அங்கே ஒரு விசித்திரமான கணக்கு நடக்கிறது. ஒப்பந்தம் தடைபட்டதா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. 1995இல் டெக்சாஸ் பெட்ரோல் நிலையம் ஒன்றில் ஹிஸ்பானிக் பெண்மணி ஒருவர் கிரெடிட் கார்டில் பணம் கட்டினார். ஊழியர் கூடுதல் அடையாள அட்டை கேட்டு இழுத்தடித்து, இனத்தைச் சொல்லித் திட்டினார். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அந்தப் பெண்மணி பொருளை வாங்கி முடித்துவிட்டார், ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது, ஆகவே இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு நிற்காது. திட்டு வாங்கியும் பொறுமையாகப் பணம் கட்டியதுதான் அவர் செய்த தவறு என்று ஆகிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வாசனைத் திரவியக் கூப்பன் இருக்கிறது. 1996இல் கான்சாஸ் மாநிலத்தின் ஓவர்லேண்ட் பார்க் நகரத்தில், டில்லார்ட்ஸ் பல்பொருள் கடையில் ஒரு கறுப்பினப் பெண்மணி குழந்தைக்குத் துணி வாங்கினார். பில்லோடு ஒரு கூப்பனும் கொடுத்தார்கள். வாசனைத் திரவியக் கவுண்டரில் கொடுத்தால் இலவச மாதிரி கிடைக்கும். அவர் அங்கே நின்றிருந்தபோது, திருட்டுச் சந்தேகம் என்று செக்யூரிட்டி வந்து பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு பொருளையும் பில்லோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பெண்மணி வழக்குப் போட்டார். துணி வாங்கி முடித்தாயிற்று, ஒப்பந்தம் முடிந்தது என்று கடை வாதாடப் பார்த்தது. ஆனால் அந்தக் கூப்பன் இன்னும் கையில் இருந்ததே! அது தந்த சலுகையை அவர் அடையவிடாமல் குறுக்கிட்டார்கள் என்று ஜூரி முடிவுசெய்தது. 11 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. கூப்பன் இல்லாமல் இருந்திருந்தால் அதே பை, அதே அவமானம். வழக்கு மட்டும் நின்றிருக்காது. ஒரு மனிதரின் மானத்துக்கு இலவசச் சென்ட் ஒன்று காவல் நிற்கவேண்டியிருப்பதைச் சட்டத்தின் பலவீனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2020இல் உச்ச நீதிமன்றம் முடிச்சை இன்னும் இறுக்கியது. காம்காஸ்ட் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இனம் ஒரு காரணமாக இருந்தது என்று காட்டினால் போதாது, இனம் மட்டும் வேறாக இருந்திருந்தால் இந்த இழப்பே நேர்ந்திருக்காது என்று காட்ட வேண்டும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கேபிள் டிவி தொடர்பான வழக்குதான். ஆனால் சாப்பாட்டு மேஜைக்கும் அதே விதிதான்.

டிப்ஸ் செய்யும் வேலை

பாகுபாடு காட்டுபவர்கள் எல்லோரும் வெறுப்பு உமிழ்பவர்கள் என்று நினைப்பது தவறு. பல சமயம் அது பிழைப்புக் கணக்காகவே வருகிறது. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது ஏறவே இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழுக் கூலி தருகின்றன. பல மாநிலங்களில் சர்வரின் வீட்டு வாடகை வாடிக்கையாளர் மேஜையில் வைத்துவிட்டுப் போகும் பணத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஆக, ஆள் உள்ளே நுழையும்போதே, இவர் எவ்வளவு வைப்பார் என்று சர்வரின் மனம் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கில் நிறம் நுழைகிறது. கறுப்பினத்தவர் குறைவாக டிப்ஸ் வைப்பார்கள் என்ற பேச்சு அமெரிக்க உணவகங்களின் பின்கட்டில் வெகுநாளாகப் புழங்குவது. வட கரோலினாவில் 18 உணவகங்களைச் சேர்ந்த 200 சர்வர்களிடம் சமூகவியலாளர்கள் ஜேக்கரி புரூஸ்டர், சாரா ரூஷே இருவரும் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், 38.5 சதவீதம் பேர் வாடிக்கையாளரின் இனத்தைப் பார்த்துச் சேவையைக் கூட்டிக் குறைப்பது உண்டு என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் தனி.

விளைவு என்ன? டிப்ஸ் வராது என்று நினைக்கும் சர்வர் அந்த மேஜைக்குத் தண்ணீர் ஊற்றத் தாமதிக்கிறார். தாமதத்தில் எரிச்சலடைந்த வாடிக்கையாளர் குறைவாக வைத்துவிட்டுப் போகிறார். “பார்த்தாயா, நான் சொன்னேன்” என்கிறார் சர்வர். அவர் சந்தேகத்தை அவரே விதைத்து, அவரே அறுவடை செய்கிறார். இந்தச் சக்கரத்தைத் திருத்த மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கூலி முறையை மாற்றினாலே பாதி வேகம் குறையும் என்பது என் எண்ணம்.

முகம் பார்த்தால், பார்க்காவிட்டால்

1930களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவைக் காரில் சுற்றினார். சீனர் மீது வெளிப்படையான வெறுப்பு இருந்த காலம். 251 ஓட்டல்களிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள்; ஒரே ஓர் இடத்தில்தான் இடம் இல்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்ட 128 பேரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ‘மாட்டோம்’ என்று எழுதினார்கள். சிரித்த முகமும் நல்ல உடையுமாக எதிரே ஆள் நிற்கும்போது மறுக்க நா எழவில்லை. காகிதத்தில் எழுதக் கூச்சமில்லை.

இன்றைய செயலிகள் அந்தக் காகிதத்தின் வாரிசுகள். ஏர்பிஎன்பி தளத்தில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 வீட்டு உரிமையாளர்களிடம் இடம் கேட்டுப் பார்த்தார்கள். எல்லாக் கோரிக்கையும் ஒரே மாதிரி. பெயர் மட்டும் வேறு. வெள்ளையினப் பெயருக்குப் பாதிப் பேர் சம்மதித்தார்கள். கறுப்பினப் பெயருக்கு அது 42 சதவீதமாக இறங்கியது. பாஸ்டன் நகரத்தில் நடந்த வேறோர் ஆய்வில், கறுப்பினப் பெயர் வைத்தவர்களின் ஊபர் பயணத்தை ஓட்டுநர்கள் ரத்துசெய்தது இரண்டு மடங்குக்கும் மேல். 2018 முதல் ஏர்பிஎன்பி, முன்பதிவு உறுதியாகும்வரை விருந்தினரின் படத்தை வீட்டு உரிமையாளருக்குக் காட்டுவதில்லை. பெயர் மட்டும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

ஊழியரின் விருப்பத்துக்கு விடப்படும் விதிகள் எல்லாமே ஆபத்தானவை. 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா ஸ்டார்பக்ஸ் கடையில், நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் விலங்கிட்டுக் கொண்டுபோனது. எதுவும் வாங்காமல் உட்கார்ந்ததுதான் குற்றம். மணிக்கணக்கில் அப்படி உட்காருவதற்கென்றே பெயர்போன கடை அது! அடுத்த மாதம் 8,000க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடிப் பயிற்சி நடத்தினார்கள். ஒரு பிற்பகலில் எவ்வளவு மாறும் என்பது வேறு விஷயம். வாங்காதவரும் உட்காரலாம் என்று அப்போது கொண்டுவந்த விதியை 2025 ஜனவரியில் நிறுவனம் விலக்கிக்கொண்டது.

பயிற்சி வகுப்பைவிட உருப்படியாகப் பலன் தந்தது டென்னீஸ் சமரசத்தில் இருந்த ஒரு நிபந்தனை: முன்னறிவிப்பில்லாத சோதனை. வெள்ளையர், கறுப்பினத்தவர் என இரண்டு தரப்பு ஆட்களும் சாதாரண வாடிக்கையாளர்கள் போல வந்து உட்கார்ந்து ஆர்டர் கொடுப்பார்கள். யாருக்கு எப்போது வந்தது, யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். தாமதத்துக்கு இப்படித்தான் சாட்சி தயாராகிறது. எந்த மேஜையில் இருப்பவர் சோதனையாளர் என்று தெரியாததால் எல்லா மேஜையையும் ஒழுங்காகக் கவனிக்க வேண்டிவந்தது. சில ஆண்டுகளில், 2000இலும் 2001இலும், சிறுபான்மையினருக்கு உகந்த நிறுவனங்களின் ஃபார்ச்சூன் இதழ்ப் பட்டியலில் டென்னீஸின் தாய் நிறுவனம் முதலிடம் பிடித்தது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இது அடுத்தவர் கதை அல்ல. 1866ஆம் ஆண்டுச் சட்டம் வம்சாவளியையும் இன அடையாளத்தையும் சேர்த்தே காக்கிறது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் சொந்தச் சட்டங்கள் கடைகளையும் கட்டுப்படுத்துகின்றன. நிறம் பார்த்து வாடிக்கையாளர்களைச் சந்தேகித்ததாக எழுந்த புகாரில் மேசீஸ் கடை 6.5 லட்சம் டாலரும், பார்னீஸ் கடை 5.25 லட்சம் டாலரும் 2014இல் கட்டியது நியூயார்க் மாநில அரசின் நடவடிக்கையால்தான். ஆகவே சந்தேகம் வந்தால் பில்லைத் தூக்கி எறியாதீர்கள். ஆர்டர் கொடுத்த நேரம், உங்களுக்குப் பின் வந்து முன்னால் வாங்கிய மேஜை, ஊழியரின் பெயர், அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி, மாநில மனித உரிமை அமைப்புக்கு அனுப்புங்கள். கூட்டாட்சிச் சட்டத்தின் பட்டியலில் கடைகளையும் சேர்க்கும் சமத்துவ மசோதா, பிரதிநிதிகள் சபையில் 2019இலும் 2021இலும் நிறைவேறியது. செனட் இரண்டு முறையும் அதை நிறைவேற்றவில்லை.