உறைபனிக்கு முன் ஒரு சனிக்கிழமை

நமது சபையில் கோடை முகாம்களுக்கு மோட்டார் ஹோமில் போய்வரும் குடும்பங்கள் உண்டு. ஒன்ராறியோவில் இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகுமுன் அவ்வண்டிகளின் தண்ணீரை அகற்றிவிட வேண்டும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. இடமில்லாத குழாய் வெடிக்கிறது. அந்த வெடிப்பு பனிக்காலம் முழுவதும் மறைந்திருக்கும். வசந்தத்தில் பம்பைப் போட்டதும் சுவருக்குள் ஒழுகும்.

முதலில் வாட்டர் ஹீட்டரின் எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆறவிடுவோம். அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடைப்பைக் கழற்றலாம். அவசரப்பட்டால் கொதிநீர் மேலே பாயும். எல்லாத் தொட்டிகளையும் தாழ்வான வடிகுழாய்களையும் திறந்து வடியவிடுவோம்.

அடுத்து, ஹீட்டரை பைபாஸ் வால்வால் விலக்குவோம். இல்லாவிட்டால் சாதாரண 6 கலன் ஹீட்டரே சுமார் 23 லீற்றர் உறைதடுப்புத் திரவத்தை விழுங்கிவிடும். பிறகு பம்பினால் திரவத்தை இழுத்து, ஒவ்வொரு குழாயையும், சுடுநீர், குளிர்நீர் இரண்டையும், இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறப்போம். ஷவரையும் கழிப்பறையையும் மறக்க வேண்டாம். தொட்டிக் கழுவிடங்களின் வளைகுழாய்களிலும் ஒரு கோப்பை ஊற்றுவோம்.

ஒன்றில் மட்டும் கவனம்: மோட்டார் ஹோமுக்கென விற்கும் புரோப்பலீன் கிளைக்கோல் திரவமே வேண்டும். கார் எஞ்சினுக்கான எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு; அது குழந்தைகள் குடிக்கும் குழாய்க்குள் போகவே கூடாது. வசந்தத்தில் நல்ல தண்ணீரால் நன்கு அலசிய பின்பே பாவிக்கலாம்.

முழங்கால் நோவுள்ள பெரியவர்களால் கழுவிடத்துக்கு அடியில் குனிய முடியாது. வாலிபர் நாம் இருவர் இருவராகப் போனால், ஒரு வண்டியை அரை நாளில் முடித்துக் கொடுக்கலாம்.